உடற்பயிற்சி: தொடங்குவது எளிது, தொடர்வது எப்படி?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டு, கேள்விகளும் விளக்கங்களும் நிறைவுற்ற பின்னர் என்னைப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். நெய்ச்சோற்றின் மணம் இங்கு வரை வந்துகொண்டிருக்கிறது. அது ஆறிவிடுமுன் முடித்துவிடுவதாகச் செயலாளர் அவர்களுக்கு வாக்களித்திருக்கிறேன். விருந்துக்கு முன்னால் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவது சற்றுச் சங்கடமான செயல்தான். ஆயினும் விருந்துக்குப் பின்னால் பேசினால் கேட்பவர் எவரும் விழித்திருக்க மாட்டார்கள் என்பதால் இந்த ஏற்பாட்டிற்கு நானும் உடன்பட்டேன்.

கடைசி ஸஃப்பின் நாற்காலிகள்

நான் இந்தப் பள்ளிவாசலுக்கு இமாமாக வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. வந்த புதிதில் கடைசி ஸஃப்பில் இரண்டே நாற்காலிகள் இருந்தன. இரண்டும் எண்பது வயதைக் கடந்த பெரியவர்களுக்கு உரியவை. கடந்த வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தேன். பதினான்கு நாற்காலிகள் இருக்கின்றன. அவற்றில் அமர்ந்து தொழுதவர்களில் ஐவர் என்னைவிட வயதில் இளையவர்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இயலாதவர் அமர்ந்து தொழுவது மார்க்கம் வழங்கியிருக்கும் சலுகை. அதில் குறை காண எவருக்கும் உரிமையில்லை. விபத்தினாலும், பிறவிக் குறையினாலும், முதுமையினாலும் அமர்ந்து தொழுபவர்கள் நம் மதிப்பிற்கு உரியவர்கள். நான் கவலைப்படுவது நாற்காலியைக் கண்டல்ல. நாற்பத்தைந்து வயதில் அந்த நாற்காலியை நோக்கி நடந்துகொண்டிருப்பதை அறியாமலேயே நடந்துகொண்டிருக்கும் நம்மைக் கண்டுதான். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன் என்பதால்தான் இன்று இதைப் பேசும் துணிவு எனக்கு வந்திருக்கிறது.

மூன்றாண்டுகளுக்கு முன் நம் ஜமாஅத் நடத்திய இலவச மருத்துவ முகாம் உங்களுக்கு நினைவிருக்கும். அன்று வெறும் வயிற்றில் எடுத்த பரிசோதனையில் என் இரத்தச் சர்க்கரை 116 என்று வந்தது. வந்திருந்த மருத்துவர், "இது நீரிழிவு அன்று, ஆனால் நீரிழிவின் வாசற்படி. 126-ஐத் தொட்டால் வீட்டுக்குள்ளே நுழைந்ததாக அர்த்தம். இப்போதே நடக்கத் தொடங்குங்கள்" என்றார்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் என் வயதை ஒத்த ஒரு சகோதரர். அவருக்கு நீரிழிவு ஏற்கனவே வந்துவிட்டிருந்தது, அவர் அறிந்திருக்கவில்லை. நாங்கள் இருவரும் அன்றே ஒரு தீர்மானத்திற்கு வந்தோம். நாள்தோறும் ஒரு மணி நேரம் நடப்பது, மூன்று மாதங்களில் பத்துக் கிலோ எடையைக் குறைப்பது என்பதே அத்தீர்மானம். அதை ஊரறியச் சொல்லவும் செய்தோம்.

முதல் நாள் சுப்ஹு தொழுகைக்குப் பின் புறவழிச்சாலை வரை சென்று திரும்பினோம். ஆறு கிலோமீட்டர். ஒன்பதாம் நாள் என் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பத்தாம் நாள் மழை. பன்னிரண்டாம் நாள் வெளியூரில் ஒரு நிக்காஹ். அதன் பின் நான் நடக்கவில்லை. புதிதாக வாங்கிய காலணி வாசலருகே தூசு படிந்து கிடந்தது. அதைப் பார்க்கும் போதெல்லாம் மனம் உறுத்தியது. இறுதியில் உறுத்தலைப் போக்க ஒரு வழி கண்டேன். காலணியை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டேன்.

அந்தச் சகோதரரும் நின்றுவிட்டார். சில மாதங்கள் கழித்து, "மீண்டும் தொடங்குவோமா?" என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன மறுமொழியை நான் மறக்கவில்லை: "ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டோம் ஹஜ்ரத். இனி எந்த முகத்தோடு தெருவில் இறங்குவது?"

பெயரைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையுடன் இதைச் சொல்வதற்கு அவர் எனக்கு அனுமதி அளித்திருக்கிறார். கடந்த ஆண்டு அவருடைய இடக்காலில் ஏற்பட்ட புண் ஆறாமல் ஒரு விரல் எடுக்கப்பட்டது. நடப்பதை நிறுத்தியதால் மட்டுமே இது நேர்ந்தது என்று நான் கூற மாட்டேன். மருந்தும் உணவும் பாதப் பராமரிப்பும் இதில் அடங்கியிருக்கின்றன. ஆனால் அவரே என்னிடம் சொன்னார்: "சோம்பல் என்னைத் தடுக்கவில்லை ஹஜ்ரத், வெட்கம்தான் தடுத்தது. இதைச் சபையில் சொல்லுங்கள்." அந்த அமானிதத்தைத்தான் இன்று ஒப்படைக்கிறேன்.

உஸ்தாத் கற்றுத்தந்த கணக்கு

எங்கே தவறினோம் என்று பல நாட்கள் யோசித்தேன். விடை நான் ஓதிய மத்ரஸாவில் கிடைத்தது.

ஹிப்ழு வகுப்பில் சேர்ந்த புதிதில் ஒரே நாளில் ஒரு பக்கத்தை மனனம் செய்துவிட வேண்டும் என்ற வேகம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கும். எங்கள் உஸ்தாத் அதற்கு இடம் கொடுக்க மாட்டார்கள். மூன்று வரிகள்தான் அன்றைய சபக். "இன்னும் ஐந்து வரிகள் ஓதுகிறேன்" என்று கெஞ்சினாலும் தர மாட்டார்கள். மூன்று வரிகள் உறுதிப்பட்ட பின்னரே நான்காவது வரி. ஆனால் ஒரு நாளும் வெறுமையாக விடமாட்டார்கள். காய்ச்சலில் படுத்திருந்தாலும் பாயருகே வந்து அமர்ந்து, "ஒரே ஒரு வரி ஓதிக் காட்டு" என்பார்கள். நல்ல உடல்நிலையில் பிள்ளையால் எவ்வளவு முடியும் என்று அவர்கள் கணக்கிடவில்லை. காய்ச்சல் நாளில் எவ்வளவு முடியும் என்பதையே அடிப்படையாக வைத்தார்கள். அந்த முறையில்தான் எங்களில் மிக மந்தமாக இருந்தவரும் ஹாஃபிழ் ஆனார்.

நாங்கள் இருவரும் செய்த பிழை இதற்கு நேர் எதிரானது. உற்சாகம் மிகுந்த நாளில் என்ன முடியுமோ அதை இலக்காக வைத்தோம். உற்சாகம் குன்றிய நாளில் அது முடியவில்லை. முடியாத நாளைத் தோல்வி என்று பெயரிட்டோம். தோல்வியடைந்தவர் மீண்டும் எழ வெட்கப்பட்டார்.

அளவைவிடத் தொடர்ச்சியைப் போற்றும் நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். அதை வணக்க வழிபாடுகளுக்கு மட்டும் உரியதாகக் கருதி, அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த இந்த உடலைப் பேணும் கடமைக்குப் பொருத்திப் பார்க்கத் தவறிவிட்டோம்.

எவ்வளவு போதும்?

"நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடிகள் நடக்க வேண்டுமாமே?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1965-ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றுக்குப் 'பத்தாயிரம் அடிமானி' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பெயரே நாளடைவில் உலகெங்கும் விதியைப் போல் பரவிவிட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2025-இல் வெளியான ஆய்வுரை ஒன்று, நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,000 அடிகளிலேயே பெரும்பாலான நன்மைகள் கிடைத்துவிடுகின்றன என்றும், மிகக் குறைவாக நடப்பவர் சற்றுக் கூட்டினாலும் பயனுண்டு என்றும் காட்டியது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தோருக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உழைப்பு தேவை. ஐந்து நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 30 நிமிடங்கள். மிதமான உழைப்பு என்பதை அறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. நடக்கும்போது அருகிலிருப்பவருடன் பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதாமல் இருக்க வேண்டும்.

இதில் நமக்கு மகிழ்ச்சியளிக்கும் மாற்றம் ஒன்றும் இருக்கிறது. 2010-இல் வந்த பழைய வழிகாட்டுதல், ஒரே மூச்சில் பத்து நிமிடங்களாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றது. 2020-இல் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். ஐந்து நிமிட நடையும் கணக்கில் சேரும். மாடிப்படி ஏறுவதும் சேரும். சிறிதளவேனும் செய்வது ஒன்றுமே செய்யாதிருப்பதைவிட மேலானது என்பதே அவர்களின் கருத்து.

எனவே இதுவரை நடக்காதவர் பத்து நிமிடங்களில் தொடங்கட்டும். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஐந்து நிமிடங்களைக் கூட்டினால் ஒன்பதாவது வாரத்தில் 30 நிமிடங்களை அடைந்துவிடலாம். முதல் வாரத்தில் கால்கள் இன்னும் நடக்கத் துடிக்கும். அப்போது உஸ்தாத் அவர்களை நினைத்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.

"நாம் ஐவேளை தொழுகிறோமே, அதுவே உடற்பயிற்சிதானே?" என்றும் சிலர் கேட்பதுண்டு. தொழுகை வணக்கம். அதை உடற்பயிற்சிக்காக நாம் தொழுவதில்லை. குனிவதும் எழுவதும் மூட்டுகளுக்கு நன்மை தருகின்றன என்பது உண்மையே. ஆயினும் இதயத்தை வேகப்படுத்தும் நடைக்கு அது ஈடாகாது. நோய் வந்தால் துஆ செய்கிறோம், மருந்தும் உண்கிறோம். ஒன்றுக்காக மற்றொன்றை விடுவதில்லை.

கல்லாவில் அமர்ந்திருப்போருக்கு

நம் ஜமாஅத்தில் பெரும்பாலோர் வணிகர்கள். காலை பத்து மணிக்குக் கல்லாவில் அமர்ந்தால் இரவு ஒன்பது மணிக்குத்தான் எழுகிறோம். தேநீரும் மேசைக்கே வந்துவிடுகிறது. இலண்டன் நகர இரட்டைத் தளப் பேருந்துகளில் பணியாற்றியவர்களை ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் ஆய்ந்து 1953-இல் ஒரு செய்தியை வெளியிட்டார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே பேருந்தில், ஒரே வகையான வேலை நேரத்தில் பணியாற்றுபவர்கள். ஆனால் இருக்கையை விட்டு எழாத ஓட்டுநர்களைவிட, நாள் முழுவதும் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. உடலுழைப்புக்கும் இதயத்திற்கும் உள்ள தொடர்பை உலகம் ஆராயத் தொடங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

நாம் அனைவரும் இன்று ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்கிறோம். கடையில் சரக்கு எடுக்கப் பையனை அனுப்பாமல் தாமே எழுவதும், பள்ளிவாசலுக்கு இருசக்கர வாகனத்தை விட்டு நடந்து வருவதும் நடத்துநரின் படிகளே. நம் தெருக்களில் எந்த வீடும் பள்ளிவாசலுக்குப் பத்து நிமிட நடைக்கு மேல் இல்லை. ஆனால் ஜும்ஆ நாளில் வாசலில் நிற்கும் வாகனங்களை எண்ண முடியவில்லை.

தராசை நம்பி ஏமாறாதீர்கள்

பத்துக் கிலோ குறைப்பது என்ற எங்கள் இலக்கிலும் ஒரு பிழை இருந்தது. எடை நம் கட்டுப்பாட்டில் முழுமையாக இல்லை. நடப்பது இருக்கிறது. கட்டுப்பாட்டில் இல்லாததை இலக்காக வைத்தால், நாம் ஒழுங்காக நடந்தும் தராசு அசையாத வாரத்தில் மனம் உடைந்துவிடும்.

இதற்குச் சான்று நம் சென்னையிலேயே இருக்கிறது. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் அவர்களின் குழுவினர் சென்னையில் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு உணவு முறையில் மாற்றமும், உடலுழைப்பு இல்லாதோருக்கு நாள்தோறும் 30 நிமிட நடையும் சொல்லித் தரப்பட்டன. மூன்றாண்டு முடிவில் முதல் பிரிவில் 100-க்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாகியிருந்தனர். இரண்டாம் பிரிவில் 39 பேர். இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்த இரண்டாம் பிரிவினரின் எடை சொல்லத்தக்க அளவில் குறையவில்லை என்பதே. தராசு அசையவில்லை, ஆனால் உள்ளே உடல் மாறிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடத்தி 2002-இல் வெளியிடப்பட்ட பெரும் ஆய்விலும் இதற்கு ஒத்த செய்தி உண்டு. அங்கே வைத்த எடை இலக்கே 7 சதவீதம்தான். 80 கிலோ எடையுள்ளவருக்கு அது ஐந்தரைக் கிலோவைச் சற்றே தாண்டும். அந்த எடை இலக்கை எட்டாதவர்களிலும், வாரம் 150 நிமிட உழைப்பை எட்டியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 44 சதவீதம் குறைந்திருந்ததாகப் பின்னர் கண்டறிந்தார்கள்.

ஆகவே, "மூன்று மாதத்தில் பத்துக் கிலோ" என்று எழுதாதீர்கள். "இன்று பத்து நிமிடம்" என்று எழுதுங்கள். எடை குறைந்தால் நன்மைதான். மூட்டுகளுக்கு அது பெரும் ஆறுதல். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் அதைப் பரிசாகக் கருதுங்கள், கூலியாகக் கருதாதீர்கள். கூலி தாமதித்தால் வேலையை விட்டுவிடுவோம்.

நேரமும் இடமும்

"முடிந்தபோது நடப்பேன்" என்பவர் நடப்பதில்லை. என்று, எந்நேரம், எங்கிருந்து எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்தவர் நடக்கிறார். நமக்கோ நாளின் ஐந்து வேளைகள் ஏற்கனவே வகுக்கப்பட்டிருக்கின்றன. புதிதாக நேரம் தேட வேண்டியதில்லை. இருக்கும் நேரத்தோடு முடிச்சுப் போட்டால் போதும். சுப்ஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து நேரே வீட்டுக்குப் போகாமல் குளக்கரை வழியாகச் சுற்றிச் செல்லுங்கள். காலையில் முடியாதவர் இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் தெருவில் உலாவுங்கள். உணவுக்குப் பிந்திய நடை, சாப்பிட்டவுடன் சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிக்கிறது.

தாய்மார்களுக்கு ஒரு சொல். நம் நாட்டில் உடலுழைப்புப் போதாத பெண்களின் விகிதம் ஆண்களின் விகிதத்தைவிட அதிகம் என்று 2024-இல் வெளியான கணக்கெடுப்புக் கூறுகிறது. வீட்டு வேலையே போதுமே என்று நீங்கள் நினைக்கலாம். அடுப்படியில் நின்றுகொண்டிருப்பது களைப்பைத் தருகிறது, மூச்சை வேகப்படுத்துவதில்லை. அஸருக்குப் பின் மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் நடந்தால் அதுவும் நடையே. அந்தப் பதினைந்து நிமிடம் அடுப்படியைப் பார்த்துக்கொள்வது வீட்டு ஆண்களின் பொறுப்பு. இதைச் சொன்னதற்காக இன்று எனக்கு விருந்து மறுக்கப்பட்டாலும் பரவாயில்லை.

விடுபட்ட நாள்

இனி இந்த உரையின் மையத்திற்கு வருகிறேன்.

ஒரு பழக்கம் தானாக நிகழும் நிலைக்கு வர எத்தனை நாட்கள் ஆகும்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி என்பவரின் குழுவினர் 96 பேரைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வின்படி சராசரி 66 நாட்கள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஆகவே நாற்பது நாளாகியும் பழகவில்லையே என்று எவரும் தம்மை நொந்துகொள்ள வேண்டாம். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படியாகப் பாதிக்கப்படவில்லை.

பன்னிரண்டாம் நாள் நான் நிக்காஹுக்குச் சென்றது தவறன்று. பதின்மூன்றாம் நாள் எழாததுதான் தவறு. விடுபட்ட நாள் ஒரு பள்ளம், அதைத் தாண்டிவிடலாம். "எல்லாம் போயிற்று" என்று அந்தப் பள்ளத்திலேயே அமர்ந்துவிடுவதுதான் அழிவு.

நான்கு மாதங்களுக்குப் பின் பரணிலிருந்து காலணியை இறக்கினேன். இம்முறை யாரிடமும் அறிவிக்கவில்லை. பத்து நிமிடங்களில் தொடங்கினேன். மூன்று விதிகளை வைத்துக்கொண்டேன். முதலாவது, முடியாத நாளில் ஐந்து நிமிடம். வாசலில் இறங்கித் தெருமுனை வரை போய் வந்தாலும் போதும். இரண்டாவது, ஒரு நாள் விடுபடலாம்; தொடர்ந்து இரண்டு நாட்கள் விடக் கூடாது. மூன்றாவது, நடந்த நாளில் சுவரிலிருக்கும் நாட்காட்டியில் ஒரு கோடு.

கடந்த ஆண்டு நாட்காட்டியை எண்ணிப் பார்த்தேன். கோடிட்ட நாட்கள் 271. வெறுமையானவை 94. இரண்டாவது விதியையும் சில முறை மீறியிருக்கிறேன். ஒரு முறை பதினொரு நாட்கள் தொடர்ந்து கோடில்லை. எடை இரண்டு கிலோதான் குறைந்தது. ஆனால் இவ்வாண்டு பரிசோதனையில் சர்க்கரை 101. ஸஜ்தாவிலிருந்து எழும்போது தரையில் கையூன்றும் வழக்கம் நின்றுவிட்டது. அந்த 94 வெற்றுக் கட்டங்களைக் கண்டு நான் வெட்கப்பட்டிருந்தால் 271 கோடுகளும் இருந்திருக்கா.

மழைக் காலத்திற்கும் ரமளானுக்கும் முன்கூட்டியே திட்டமிடுங்கள். மழை நாளில் வீட்டுக் கூடத்தில் நடக்கலாம். நோன்பு மாதத்தில் அளவைப் பாதியாகக் குறைத்து, இஃப்தாருக்குப் பின் சற்று நேரம் கழித்து மெதுவாக நடக்கலாம். பெருநாளுக்கு அடுத்த வாரம் மீண்டும் பத்து நிமிடத்திலிருந்து தொடங்கினால் அதில் இழிவு ஏதுமில்லை.

நாற்காலியையே துணையாக்குங்கள்

முழங்கால் வலிக்கிறது, நடந்தால் மூட்டுத் தேய்ந்துவிடும் என்று அஞ்சுவோர் பலர். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் ஏற்ற உடற்பயிற்சியையே இன்று மருத்துவர்கள் முதன்மையாகப் பரிந்துரைக்கிறார்கள். தொடைத் தசை வலுப்பெற்றால் மூட்டின் சுமை பகிரப்படுகிறது. உலக சுகாதார நிறுவனமும் வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது.

அதற்குக் கருவிகள் தேவையில்லை. கைப்பிடியற்ற உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு மெதுவாக எழுந்து, மெதுவாக அமருங்கள். ஐந்து முறை போதும். முடியாதவர் கையூன்றித் தொடங்கலாம். நாளடைவில் பத்து முறையாக்குங்கள். எந்த நாற்காலியைக் கண்டு நான் கவலைப்பட்டேனோ அந்த நாற்காலியே நம்மை எழுப்பிவிடும் ஆசானாகவும் ஆகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வலியோ, அளவுக்கு மீறிய மூச்சுத் திணறலோ, தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சு வலியை வாயு என்று தள்ளிவிடாமல் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடையின்போது சர்க்கரை மிகவும் தாழக் கூடும். கைநடுக்கமும் வியர்வையும் அதன் அறிகுறிகள். சட்டைப் பையில் சிறிது குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும். நோன்பு வைக்க எண்ணும் நீரிழிவாளர்கள் ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் மருந்தளவைப் பற்றிக் கேளுங்கள். நீரிழிவாளர்கள் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. இரவில் படுக்குமுன் பாதங்களைப் பார்த்துவிட்டுப் படுங்கள். உணர்ச்சி குன்றிய பாதத்தில் ஏற்படும் சிறு கீறலை வலி அறிவிப்பதில்லை. நம் சகோதரரின் விரல் அப்படித்தான் போயிற்று.

ஒரு வேண்டுகோள்

நிர்வாகக் குழுவினருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பொருட்செலவு இல்லாதது. வரும் திங்கட்கிழமை முதல் சுப்ஹுக்குப் பின் பள்ளிவாசல் வாசலிலிருந்து ஒரு குழு புறப்படட்டும். பத்து நிமிடம் நடப்போர் ஒரு பிரிவு, இருபது நிமிடத்தார் ஒரு பிரிவு, முப்பது நிமிடத்தார் ஒரு பிரிவு. யார் வந்தார், யார் வரவில்லை என்று எவரும் குறிக்க வேண்டாம். ஆனால் ஒரே ஒரு ஒழுங்கு வேண்டும். பத்து நாள் வராமல் பதினோராம் நாள் ஒருவர் வந்தால், "எங்கே காணோம்?" என்று எவரும் கேட்கக் கூடாது. "வாருங்கள்" என்று மட்டுமே சொல்ல வேண்டும். கேலியாகச் சொல்லப்படும் ஒரு வார்த்தை ஒருவரை மீண்டும் வீட்டுக்குள் அனுப்பிவிடும். அதன் விலை எவ்வளவு என்பதை இப்போது நாம் அறிவோம்.

இறுதியாக, அந்தச் சகோதரரைப் பற்றி. காயம் ஆறி, மருத்துவரின் அனுமதியும், அதற்கென்று செய்யப்பட்ட காலணியும் கிடைத்த பின், கடந்த மாதம் ஒரு நாள் சுப்ஹு தொழுதுவிட்டு என்னருகே வந்து நின்றார். "எவ்வளவு தூரம் ஹஜ்ரத்?" என்று கேட்டார். "தெருமுனை வரை" என்றேன். சென்று திரும்பினோம். ஏழு நிமிடம் ஆயிற்று. மறுநாளும் வந்தார். அவர் இப்போது இந்தச் சபையில்தான் அமர்ந்திருக்கிறார். திங்கட்கிழமை பத்து நிமிடப் பிரிவில் முதல் ஆளாக நிற்பதாக வாக்களித்திருக்கிறார். அவருடன் இன்னும் எத்தனை பேர் நிற்கப்போகிறோம் என்பதே இப்போது உங்கள் முன் நான் வைக்கும் கேள்வி.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும், அதைப் பேணும் பொறுமையையும், விழுந்தால் வெட்கமின்றி மீண்டும் எழும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.

நெய்ச்சோறு ஆறியிருக்காது என்று நம்புகிறேன். உண்ட பின், வாகனத்தில் வந்தவர்களும் அதை இங்கேயே நிறுத்திவிட்டு, இன்று ஒரு நாள் வீட்டுக்கு நடந்து செல்லுங்கள்.

வஸ்ஸலாம்.